கத்திரி வெயிலில் கூடாரமும் பவர் ஸ்டேஷனும்

திருத்தணியில் இன்வெர்ட்டரும் பேட்டரியும் பழுதுபார்க்கும் எனக்குச் சித்திரை பிறந்தாலே வேலை கூடிவிடும். முன்பெல்லாம் வீட்டு இன்வெர்ட்டர்கள்தான் வரும். இப்போது ஆந்திர எல்லைக்கு அப்பால் நகரி, புத்தூர் பக்கத்து மாந்தோப்புகளில் கூடாரம் அடித்து இரண்டு மூன்று நாள் தங்கித் திரும்புகிறவர்கள், மின்சாரத்தைச் சேமித்துக் கொடுக்கும், கைப்பிடி வைத்த போர்ட்டபிள் பவர் ஸ்டேஷன் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். "மத்தியானம் ஆனால் சார்ஜ் ஏறவே மாட்டேன் என்கிறது சார்" என்பதுதான் அவர்களுடைய வழக்கமான புகார்.

இவற்றில் பல பெட்டிகளில் கோளாறே இருப்பதில்லை. உள்ளே இருக்கும் லித்தியம் செல்களின் சூட்டை அளந்துகொண்டே இருக்கும் பி.எம்.எஸ். என்ற காவல் சுற்று, சூடு எல்லை தாண்டியதும் சார்ஜை நிறுத்திவிடுகிறது. பொதுவாக லித்தியம் செல்கள் மின்சாரத்தைக் கொடுக்கும்போது 60 டிகிரி வரை தாங்கும். ஏற்றிக்கொள்ளும்போது அந்த எல்லை ஏறக்குறைய 45 டிகிரியாகக் குறைந்துவிடும். இந்த வேறுபாட்டை அறியாதவர்கள் பெட்டியை அணைத்து அணைத்துப் போட்டு, எப்படியாவது சார்ஜ் ஏற்றிவிடப் பார்க்கிறார்கள். கத்திரி வெயிலில் வெளிக்காற்றே 40 டிகிரியைத் தாண்டும் எங்கள் ஊரில், அந்த எல்லையைத் தொடுவதற்குப் பெட்டி பெரிதாகப் பாடுபட வேண்டியதில்லை.

சென்ற கோடையில் வந்த ஒரு பெட்டியின் அடிப்பாகம் தரையில் சமமாக உட்காரவில்லை. விசாரித்தபோது விவரம் தெரிந்தது. குடும்பத்துடன் கைலாசகோணா அருவிக்குப் போனவர், பெட்டியைக் கார் டிக்கியிலேயே விட்டுவிட்டுக் காலை முதல் பிற்பகல் வரை குளித்திருக்கிறார். திரும்பும் வழியில் இரவுக்கு வேண்டுமே என்று காரின் 12 வோல்ட் சாக்கெட்டில் செருகிச் சார்ஜ் போட்டிருக்கிறார். கோடை முழுவதும் வார இறுதிகளில் இதே வழக்கம். கண்ணாடி ஏற்றி வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரத்திலேயே சூடு 60 டிகிரியை எட்டக்கூடும். ஏ.சி. போட்டதும் நமக்குக் குளிர்ந்துவிடுகிறது. ஆனால் பத்துக் கிலோ எடையுள்ள பெட்டியின் நடுவில் இருக்கும் செல்கள் குளிர மணிக்கணக்காகும். காவல் சுற்று தடுக்கத் தவறி, அந்தச் சூட்டோடு சார்ஜ் ஏறும்போது செல்லுக்குள் இருக்கும் திரவம் சிதைந்து வாயுவாக மாறுகிறது, அந்த வாயு செல்லை உப்பவைக்கிறது. முழுச் சார்ஜில் வைத்துவிட்டு வெயிலில் போட்டாலும் ஏறக்குறைய இதே கதைதான்; பயன்படுத்தாவிட்டாலும் செல் மூப்படையும்.

"என்னுடையது எல்.எஃப்.பி. வகை, ஒன்றும் ஆகாது" என்று சிலர் சொல்வதுண்டு. எல்.எஃப்.பி. எனப்படும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்கள் எளிதில் தீப்பிடிக்காது என்பது உண்மையே, வாங்குவதென்றால் நானும் அவற்றைத்தான் பரிந்துரைப்பேன். ஆனால் சூட்டில் ஆயுள் குறைவது அவற்றுக்கும் உண்டு.

சோலார் பேனல் வைத்திருப்பவர்கள் செய்யும் தவறு வேறு. பேனல் வெயிலில் இருக்க வேண்டும், பெட்டி நிழலில் இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்காகப் பேனலுக்கு அடியிலேயே பெட்டியை ஒளித்துவைக்கிறார்கள். உச்சி வெயிலில் பேனலின் முதுகு 60 டிகிரிக்கு மேல் கொதிக்கும். அந்த அனல் நேராகப் பெட்டியின் மேல் இறங்கும். கேபிள் நீளமாக வாங்கி, பெட்டியை மாமர நிழலில், காற்றுத் துவாரங்கள் அடைபடாமல், மண்ணுக்கு மேல் ஒரு பலகையில் வையுங்கள். பேனலின் சூடு 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் அதன் உற்பத்தி 0.3 முதல் 0.4 சதவீதம் குறைவதால், நண்பகலில் 100 வாட் பேனல் முழு 100 வாட் கொடுக்காது. காலை ஏழு மணி முதல் பதினொன்று வரை ஏற்றிக்கொண்டு, உச்சிப் பொழுதில் பெட்டிக்கு ஓய்வு கொடுங்கள். பவர் ஸ்டேஷனை ஐஸ் பெட்டியின் மேல் வைப்பதும் அதன்மேல் ஈரத்துணி போர்த்துவதும் வேண்டவே வேண்டாம். உள்ளே நீர் கோத்துக்கொண்டால் சுற்றுப்பலகை பாழாகும்.

இரவில் 20 வாட் டி.சி. மின்விசிறி எட்டு மணி நேரம் ஓடினாலும் 160 வாட்-மணிதான் செலவாகும், பெட்டியும் சூடாகாது. இண்டக்ஷன் அடுப்பை மட்டும் அதில் போடாதீர்கள்.

பெட்டி உப்பியிருந்தாலோ, கரைப்பான் போன்ற இனிப்பு வாடை வந்தாலோ, சீறும் ஒலி கேட்டாலோ எல்லோரும் கூடாரத்தை விட்டு விலகிவிட வேண்டும். வெளிவரும் வாயு எரியக்கூடியது, நச்சும் கூட. தீப்பிடித்தால் 101-ஐ அழையுங்கள். கைப்பிடித் தீயணைப்பான் சுவாலையை அடக்கினாலும் செல்கள் ஆறாமல் மறுபடி பற்றும்.

அந்த உப்பிய பெட்டிக்காரர், "ஆடி வரைக்கும் ஓடுமா?" என்று கேட்டார். ஓடாது என்றேன். செல்களை மட்டும் மாற்றித் தரச் சொன்னார், அதற்கும் நான் ஒப்பவில்லை. 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பு உற்பத்தியாளருக்கு உண்டு என்பதை விளக்கி, அவர்கள் வந்து எடுத்துச் செல்லும் வரை கடைக்குப் பின்னால், மணல் நிரப்பிய இரும்புத் தொட்டியில் வைத்திருந்தேன்.