பூகோள அரசியல் அன்று, புவிசார் அரசியல்

தங்கம் விலை ஏறினாலும் கச்சா எண்ணெய் விலை இறங்கினாலும், "பூகோள அரசியல் பதற்றமே காரணம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவது செய்தி எழுதுவோரிடம் ஊறிப்போன வழக்கமாகிவிட்டது. அண்மையில் கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஏற்றுமதி பற்றிய ஒரு கூட்டத்தில், கப்பல் கட்டணம் ஏன் உயர்ந்தது என்று விளக்க வந்தவரும் இதே சொல்லைத்தான் ஆண்டார். கேட்டுக்கொண்டிருந்த ஆலைக்காரர் ஒருவர், "அப்படீன்னா உலக அரசியல்தானுங்களே?" என்று கேட்க, அவரும் ஆமென்று தலையசைத்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விட்டார். உலக அரசியல் வேறு, 'பூகோள அரசியல்' என்று மொழிபெயர்க்கப்படும் 'ஜியோபாலிடிக்ஸ்' என்னும் ஆங்கிலச் சொல் குறிப்பது வேறு. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது அந்த மொழிபெயர்ப்பு.

மூலச்சொல்லின் வரலாறு சுருக்கமானது. கிரேக்கத்தில் 'கே' என்றால் நிலம், புவி. அதனோடு அரசியலைக் குறிக்கும் சொல்லைச் சேர்த்து, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதை உருவாக்கியவர் சுவீடன் நாட்டு அரசியல் அறிஞர் ருடால்ஃப் செல்லேன். அவருக்கு முன்னோடி, 1897-இல் அரசியல் புவியியல் பற்றி நூல் எழுதிய ஜெர்மானியர் ராட்செல். 1904-இல் ஆங்கிலேயரான மெக்கிண்டர், யூரேசியாவின் உட்பகுதியை யார் ஆள்வது என்பதே வரலாற்றின் அச்சு என்று வாதிட்டார். மலை, ஆறு, கணவாய், கடல்வழி, நாட்டின் கிடப்பு ஆகியவை ஓர் அரசின் வலிமையையும் அச்சத்தையும் எவ்வாறு வடிவமைக்கின்றன என்பதே இச்சொல்லின் உட்பொருள்.

'பூகோளம்' இந்தப் பொருளைத் தாங்காது. பூ என்னும் நிலமும் கோளம் என்னும் உருண்டையும் சேர்ந்த வடசொல் அது; நேர்ப்பொருள் புவியுருண்டை. நம் பாட்டனார் காலத்துப் பள்ளியில் பூகோளம் ஒரு பாடத்தின் பெயராக இருந்ததால், அன்று மொழிபெயர்த்தவர்களைக் குறை சொல்ல இயலாது. அப்பாடம் 'புவியியல்' என்று பெயர் மாறித் தலைமுறைகள் கடந்துவிட்டன. இன்று அச்சொல்லைக் கேட்கும் இளைஞர் மனத்தில் மேசை மேல் சுழலும் உருண்டைதான் எழுகிறது. மலையோ கணவாயோ எழுவதில்லை. இலங்கைத் தமிழில் சிக்கல் இன்னும் கூடுகிறது. உலகமயமாக்கலைப் 'பூகோளமயமாக்கல்' என்றும், உலக வெப்பமடைதலைப் 'பூகோள வெப்பமடைதல்' என்றும் அங்கே எழுதுகிறார்கள். ஆகவே ஒரே இதழின் ஒரே பக்கத்தில் 'பூகோள' என்பது ஓரிடத்தில் 'உலகளாவிய' என்றும், மற்றோரிடத்தில் 'நிலத்தைச் சார்ந்த' என்றும் பொருள்பட வேண்டியிருக்கிறது. எது எதுவென்று வாசகர் எப்படிப் பிரித்தறிவார்?

செங்கடலையே எடுத்துக்கொள்வோம். 2023-ஆம் ஆண்டின் இறுதியில் ஏமனின் ஹூதி கிளர்ச்சிப் படையினர் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியபோது, சூயஸ் கால்வாய்க்குப் போக வேண்டிய கப்பல்கள் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றின. பயணநாள் கூடியது, கட்டணமும் கூடியது. ஒரு சிறு படை இவ்வளவு பெரிய வணிகத்தைத் தடுக்க முடிந்ததற்குக் காரணம், ஏமனுக்கும் ஆப்பிரிக்கக் கரைக்கும் இடையே பாப் எல் மண்டெப் நீரிணையின் அகலம் சுமார் 30 கிலோமீட்டர் மட்டுமே என்பதுதான். அந்த ஆலைக்காரர் அறிய வேண்டியிருந்தது அந்த இடுக்கை. 'பூகோளம்' அதை மறைத்துவிட்டது.

நம் மண்ணிலிருந்தே சான்று காட்டலாம். மைசூர் மேட்டுநிலத்திற்கும், அன்று 'கர்நாடகம்' எனப்பட்ட கீழைத் தமிழகச் சமவெளிக்கும் இடையே படியாக அமைந்தது பாராமகால், அதாவது இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரம். மைசூரை ஆண்ட ஹைதர் அலியின் படை கீழே இறங்கவும், ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கும்பினியின் படை மேலே ஏறவும் இங்குள்ள கணவாய்கள் வேண்டியிருந்தன. அதனால்தான் இராயக்கோட்டையும் கிருஷ்ணகிரியும் அத்தனை முற்றுகைகளைக் கண்டன. 1792-இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்புவிடமிருந்து கும்பினி பாராமகாலைப் பெற்றுக்கொண்டது. காவிரியும் அவ்வாறே. மேல்மடை மைசூரில், கீழ்மடை சென்னை மாகாணத்தில் என்ற கிடப்பே 1892, 1924 ஆகிய ஆண்டுகளின் ஒப்பந்தங்களுக்கும், 1990-இல் அமைந்த நடுவர் மன்றத்துக்கும் வேர். ஒகேனக்கலில் விழும் நீரைப் பற்றிய வழக்கை எவரேனும் 'பூகோள' அரசியல் என்பாரா?

மாற்றாக முன்வைக்கப்படுபவற்றிலும் எல்லாம் ஏற்கத்தக்கவை அல்ல. 'நிலவியல் அரசியல்' பிழை. நிலவியல் என்பது பாறைகளையும் மண்ணடுக்குகளையும் ஆயும் துறையின் பெயர். 'நில அரசியல்' என்றால் பட்டா, கையகப்படுத்தல், இழப்பீடு என்றே எங்கள் ஓசூர்ப் பக்கத்து விவசாயி புரிந்துகொள்வார். 'திணை அரசியல்' அழகான சொல்தான்; ஆயினும் கேட்பவரைச் சங்க இலக்கிய வகுப்புக்கு அழைத்துப் போய்விடும். 'புவியரசியல்' சுருக்கமானது, சூழலியல் பேசுவோர் அதைப் புவியைக் காக்கும் அரசியல் என்று எடுத்துக்கொள்ளவும் இடமுண்டு.

எஞ்சி நிற்பது 'புவிசார் அரசியல்'. புவி என்பதும் வடமொழி வழி வந்ததே. ஆகவே தூய்மையை முன்னிட்டு நான் இதற்காக வாதிடவில்லை. தெளிவுதான் காரணம். மதுரை மல்லிக்கும் காஞ்சிபுரம் பட்டுக்கும் கிடைத்த 'புவிசார் குறியீடு' என்னும் வழக்கால், 'புவிசார்' என்றால் குறிப்பிட்ட ஓரிடத்தின் மண்ணோடு ஒட்டியது என்று பொதுமக்களே உணர்ந்திருக்கிறார்கள். கருத்தும் நமக்குப் புதிதன்று. "இருபுனலும் வாய்ந்த மலையும் வருபுனலும் வல்லரணும் நாட்டிற்கு உறுப்பு" என்று நீரையும் மலையையும் கோட்டையையும் ஒரே மூச்சில் நாட்டின் உறுப்புகளாக்கியவர் வள்ளுவர்.

இன்னொரு குறையும் உண்டு. ஆங்கிலச் செய்தியில் 'ஜியோபாலிடிக்ஸ்' வந்தாலே சிந்தியாமல் அதை ஏற்றிவிடும் மொழிபெயர்ப்பாளர்கள், அங்கே நிலத்துக்கு வேலை இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. இரு நாடுகள் இறக்குமதி வரியால் மோதிக்கொண்டால் அது வணிகப் பூசல். தலைவர்கள் மாறி மாறி அறிக்கை விட்டால் அது வெளியுறவுப் பூசல். நீரிணை, கணவாய், ஆற்றுப்படுகை, எல்லைமலை இவற்றுள் ஒன்று பூசலின் நடுவில் இருக்கும்போது 'புவிசார் அரசியல்' என்று எழுதட்டும். அதோடு அந்த இடத்தின் பெயரையும் எழுதட்டும்.