பள்ளிச் சுவரிலிருந்து 100 கெஜம்: மாணவர்களைப் புகையிலையிடமிருந்து காக்கும் சட்டம் என்ன சொல்கிறது?

மாலையில் வீட்டுக்கு வரும் அப்பா, ஏழாம் வகுப்பு படிக்கும் மகனிடம் காசு கொடுத்து, முனைக்கடையில் சிகரெட் வாங்கிவரச் சொல்வது நம் ஊர்களில் யாருக்கும் தவறாகத் தோன்றுவதில்லை. கடைக்காரரும் 'அப்பாவுக்குத்தானே' என்று எடுத்துக் கொடுத்துவிடுகிறார். யாருக்காக வாங்கப்படுகிறது என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை. 18 வயது நிரம்பாதவரின் கையில் விற்றாலே அது குற்றம். பெற்றோர் பலருக்கும் தெரியாத இந்த இடத்திலிருந்துதான் இந்த விளக்கத்தைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருட்கள் சட்டம் 2003ஆம் ஆண்டு நிறைவேற்றப்பட்டது. சுருக்கமாக இதைக் 'கோட்பா' என்பார்கள். இதன் 6ஆம் பிரிவு இரண்டு விற்பனைகளைத் தடுக்கிறது: ஒன்று, 18 வயதுக்குட்பட்ட எவருக்கும் விற்பது, மற்றொன்று, எந்தக் கல்வி நிறுவனத்தையும் சுற்றி 100 கெஜ தூரத்துக்குள், வாங்குபவரின் வயது எதுவாக இருந்தாலும், விற்பது. சிகரெட், பீடி மட்டுமல்லாமல் மெல்லும் புகையிலை, மூக்குப்பொடி ஆகியவையும் இதில் அடங்கும். இந்தப் பிரிவின்படி குற்றவாளி விற்றவரே; வாங்கிய பிள்ளை அல்ல என்பதைத் தலைமை ஆசிரியர்களும் பெற்றோரும் மனத்தில் கொள்ள வேண்டும்.

100 கெஜம் என்பது ஏறத்தாழ 91 மீட்டர். அதை எங்கிருந்து அளப்பது என்பதில்தான் வழக்கமாகத் தகராறு வருகிறது. 'பள்ளி வாசல் அந்தப் பக்கம் இருக்கிறது, நடந்து வந்தால் கால் கிலோமீட்டர் ஆகும்' என்பார் பின்சுவரை ஒட்டிக் கடை வைத்திருப்பவர். அந்த வாதம் செல்லாது. பள்ளியின் சுற்றுச்சுவர் அல்லது வேலியின் வெளி எல்லையிலிருந்து, எல்லாத் திசையிலும் ஆரமாக அளக்க வேண்டும் என்று விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. பல பள்ளிகளின் முன்னால் சாலையில் மஞ்சள் கோடு போட்டிருப்பார்கள். இரண்டு மழைக்குப் பிறகு அது அழிந்துபோயிருக்கும். கோடு அழிந்தாலும் விதி அழிவதில்லை. ஓர் அளவு நாடாவும் அரை மணி நேரமும் இருந்தால், பள்ளி மேலாண்மைக் குழுவே எல்லையை அளந்து குறித்துக்கொள்ளலாம்.

இந்த எல்லைக்குள் புகையிலை விற்பது தடைசெய்யப்பட்டுள்ளது என்ற அறிவிப்புப் பலகையைப் பள்ளி நிர்வாகமே வெளியே தெரியும்படி வைக்க வேண்டும். எல்லைக்கு வெளியே உள்ள கடைகளுக்கும் கடமைகள் உண்டு. 18 வயதுக்குட்பட்டோருக்குப் புகையிலை விற்பது தண்டனைக்குரிய குற்றம் என்ற பலகையைக் குறைந்தது 60 செ.மீ.க்கு 30 செ.மீ. அளவில் வைக்க வேண்டும்; சிறுவர்களின் கைக்கு எளிதில் எட்டும்படி பொருட்களை அடுக்கக் கூடாது; சிறுவர்களைக் கொண்டு விற்கவும் கூடாது. வாங்க வந்தவரின் வயதில் சந்தேகம் இருந்தால் கடைக்காரர் சான்று கேட்கலாம். விற்ற பிறகு, வாங்கியவர் சிறுவர் அல்லர் என்று காட்டும் பொறுப்பு அவருடையதே. ஆனால் மிட்டாய் ஜாடிக்கு நேர் மேலே, எட்டு வயதுப் பிள்ளையின் கண் மட்டத்தில், புகையிலைப் பொட்டலச் சரம் தொங்குவதை இன்றும் பார்க்கிறோம்.

தண்டனைக்கு வருவோம். 6ஆம் பிரிவை மீறினால் அதிகபட்ச அபராதம் 200 ரூபாய். ஒரு நாள் விற்பனையில் எடுத்துவிடக்கூடிய இந்தத் தொகை யாரையும் அச்சுறுத்தாது என்பது உண்மை. இதை உயர்த்தியே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் அத்துடன் முடிந்துவிடவில்லை. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவு, ஒரு குழந்தைக்குப் புகையிலைப் பொருளைக் கொடுப்பவருக்கு ஏழு ஆண்டுகள் வரை கடுங்காவல் தண்டனையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க வழிசெய்கிறது. புகார் எழுதும்போது இந்தப் பிரிவையும் சேர்த்துக் குறிப்பிடுவது நல்லது. குட்கா, புகையிலை கலந்த பான் மசாலா ஆகியவற்றுக்குத் தமிழ்நாட்டில் 2013 முதல் உணவுப் பாதுகாப்பு ஆணையரின் அறிவிக்கைகள் வழியே தடை இருக்கிறது. மின்சிகரெட்டுக்கு 2019 முதல் நாடு முழுவதும் தடை. விற்பவருக்கு முதல் முறையே ஓராண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். பேனாவைப் போலவும் பென்டிரைவைப் போலவும் இருக்கும் அந்தக் கருவியை எழுதுபொருள் என்று நினைத்து ஏமாறும் பெற்றோர் உண்டு.

இவ்வளவு கட்டுப்பாடு ஏன் என்று கேட்பவர்களுக்கு 2019இல் எடுக்கப்பட்ட உலக இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பே பதில். இந்தியாவில் 13 முதல் 15 வயதுள்ள மாணவர்களில் 8.5 விழுக்காட்டினர் ஏதோ ஒரு வகையில் புகையிலையைப் பயன்படுத்திவந்தனர். மெல்லும் புகையிலையைத் தொட்டவர்கள் அதைத் தொடங்கிய வயது சராசரியாகப் பத்தைக்கூட எட்டவில்லை. அதாவது நான்காம், ஐந்தாம் வகுப்பு. தாங்களே தொடாத பிள்ளைகளும் தப்பவில்லை: 29.5 விழுக்காட்டினர் பிறர் விடும் புகையைச் சுவாசிக்க நேர்ந்திருந்தது. பள்ளி வளாகம் பொது இடம் என்பதால் 4ஆம் பிரிவின்படி அங்கே ஆசிரியர், ஒப்பந்தக்காரர், பெற்றோர் என எவரும் புகைக்கக் கூடாது. மீறுபவருக்கு 200 ரூபாய் வரை அபராதம் விதிக்கும் அதிகாரம் தலைமை ஆசிரியருக்கே உண்டு.

மத்திய சுகாதார அமைச்சகத்தின் 'புகையிலையற்ற கல்வி நிறுவனம்' என்ற வழிகாட்டு நெறிமுறை இவற்றையெல்லாம் பள்ளி அளவில் ஒருங்கிணைக்கிறது. பலகைகள், 100 கெஜ எல்லைக் குறியீடு, பொறுப்பாளர் நியமனம், ஆறு மாதத்துக்கு ஒரு விழிப்புணர்வு நிகழ்ச்சி முதலியவற்றுக்கு மதிப்பெண் இட்டுப் பள்ளி தன்னைத் தானே மதிப்பிட்டுக்கொள்ளலாம்.

எல்லைக்குள் கடை இருப்பதைக் கண்டால், கடையின் இடம், தூரம், தேதி ஆகியவற்றைக் குறித்துத் தலைமை ஆசிரியர் வழியாகவோ நேரடியாகவோ காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம். சட்டப்படி சோதனையிடவும் பறிமுதல் செய்யவும் உதவி ஆய்வாளர் நிலை அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. தடைசெய்யப்பட்ட குட்கா என்றால் உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் போகலாம். கொடுத்த மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பிள்ளையின் பையில் பொட்டலம் அகப்பட்டுவிட்டால் மாற்றுச் சான்றிதழைக் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். நிக்கோட்டினுக்குப் பழகிய பதின்மூன்று வயது உடலுக்கு வேண்டியது சிகிச்சை. 1800 11 2356 என்ற கட்டணமில்லா எண்ணில், புகையிலையை விடுவதற்கான ஆலோசனையைத் தமிழிலேயே பெறலாம். சிகரெட் பெட்டியின் எச்சரிக்கைப் படத்தோடு அந்த எண்ணும் அச்சிடப்பட்டிருக்கிறது. சில்லறையாக ஒற்றைச் சிகரெட் வாங்கும் சிறுவன் பெட்டியையே பார்ப்பதில்லை என்பதால், அந்த எண்ணை வகுப்பறைச் சுவரில் எழுதிவைப்பது பள்ளியின் வேலை.