ரிசல்ட் வந்த பிறகு பட்டம் கைக்கு வரும் வரை: நெல்லைப் பக்கத்து மாணவர்களுக்கு

கடைசி செமஸ்டர் ரிசல்ட்டில் எல்லாப் பாடமும் தேர்ச்சி என்று வந்ததும் பட்டம் வாங்கியாச்சு என்றே வீட்டில் நினைக்கிறார்கள். பட்டம் பெறத் தகுதி வந்திருக்கிறது, அவ்வளவுதான். இனி நான்கு தாள்கள் வாங்க வேண்டும்: எல்லா செமஸ்டர் மதிப்பெண்ணையும் சேர்த்துக் காட்டும் தொகுப்பு மதிப்பெண் சான்றிதழ், புரொவிஷனல் எனப்படும் தற்காலிகச் சான்றிதழ், டி.சி. எனப்படும் மாற்றுச் சான்றிதழ், பட்டச் சான்றிதழ். முதல் மூன்றும் கல்லூரி வழியாக வந்துவிடும். நான்காவது, தனியாக விண்ணப்பித்துக் கட்டணம் கட்டியவருக்குத்தான் வரும். புரொவிஷனலை வைத்தே வேலைக்குப் போய்விட்டு, பட்டத்தை மறந்து, வெளிநாட்டு வாய்ப்பு வரும்போது அலைகிறவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர்.

முதலில், பட்டம் கொடுப்பது யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களின் கலை அறிவியல் கல்லூரிகளுக்கு அபிஷேகப்பட்டியில் உள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். தூய சவேரியார், சதக்கத்துல்லா அப்பா, சாராள் தக்கர் போன்ற தன்னாட்சிக் கல்லூரிகள் தேர்வைத் தாங்களே நடத்தி மதிப்பெண் பட்டியலையும் தாங்களே தருகின்றன. பட்டத்தில் கையெழுத்திடுவது மட்டும் பல்கலைக்கழகம். ஆகவே தன்னாட்சி மாணவருக்கு மதிப்பெண்ணில் பிழை என்றால் கல்லூரியின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகம். பட்டத்தில் பிழை என்றால் அபிஷேகப்பட்டி. பொறியியலுக்கு அண்ணா பல்கலைக்கழகம், சட்டத்துக்கு அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம், பி.எட்.டுக்குத் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம். சங்கரன்கோவிலிலிருந்து பஸ் ஏறி வந்து, இது எங்கள் வேலை இல்லை என்ற பதிலோடு திரும்புவது இந்த வேறுபாடு தெரியாததால்தான்.

ஒவ்வொரு பாடத்திலும் தேர்ச்சி பெற்றால் அதற்கென்று வைத்திருக்கும் புள்ளிகள் சேரும்; அவைதான் கிரெடிட். மூன்றாண்டு இளநிலைப் பட்டத்துக்கு 140 கிரெடிட் சேர வேண்டும். பகுதி 1 தமிழ், பகுதி 2 ஆங்கிலம், பகுதி 3 முதன்மைப் பாடமும் சார்புப் பாடமும். இவற்றில் யாரும் கோட்டை விடுவதில்லை. சிக்கல் வருவது பகுதி 4, பகுதி 5-இல். சுற்றுச்சூழல் கல்வி, விழுமியக் கல்வி, வேறு துறையில் எடுக்கும் விருப்பப் பாடம், திறன் பாடங்கள் எல்லாம் நான்காம் பகுதி. என்.எஸ்.எஸ்., என்.சி.சி., செஞ்சிலுவை போன்ற விரிவாக்கப் பணி ஐந்தாம் பகுதி. இவற்றுக்குக் கிரெடிட் குறைவு, வகுப்பும் குறைவு; அதனால் ‘சும்மா பேப்பர்’ என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் ஒரே ஒரு கிரெடிட் குறைந்தாலும் தொகுப்பு மதிப்பெண் சான்றிதழ் அச்சாகாது. நான்காம் செமஸ்டர் முடிந்ததுமே எல்லா மதிப்பெண் பட்டியல்களையும் விரித்து வைத்து, பகுதி வாரியாகக் கிரெடிட்டைக் கூட்டிப் பாருங்கள். குறைவு இருந்தால் சரிசெய்ய இன்னும் இரண்டு செமஸ்டர் இருக்கும். தமிழக அரசின் ‘நான் முதல்வன்’ திட்டத் திறன் பாடங்களுக்கும் பாடத்திட்டத்தில் கிரெடிட் உண்டு. அந்த மதிப்பெண் பதிவேறியிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

அரியர் உள்ளவர்கள் இன்டர்னல், அதாவது கல்லூரியிலேயே போடும் அகமதிப்பீட்டு மதிப்பெண், எப்படிக் கணக்கில் வருகிறது என்று புரிந்துகொள்ள வேண்டும். இன்டர்னல் 25, எழுத்துத் தேர்வு 75 என்ற முறையில் இளநிலைக்குத் தேர்ச்சி மொத்தம் 40. இன்டர்னலில் 10 இருந்தால் எழுத்தில் 30 போதும். 4தான் இருந்தால் 36 வேண்டும். அரியர் எழுதும்போது பொதுவாகப் பழைய இன்டர்னலே நிற்கும். ஆகவே ஒவ்வொரு முறையும் அதே 36-ஐத்தான் எட்டியாக வேண்டும். ஒன்றிரண்டு மதிப்பெண்ணில் தோற்றவர்கள் மறுமதிப்பீட்டுக்கு முன் விடைத்தாள் நகல் வாங்கிப் பார்ப்பது நல்லது. விடைத்தாளைப் பார்ப்பது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மாணவரின் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தீர்ப்பளித்திருக்கிறது. திருத்தாமல் விட்ட பக்கமோ கூட்டல் பிழையோ நகலில் கண்ணில் பட்டுவிடும்.

அடுத்தது பெயர். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் உள்ளபடியே பட்டத்திலும் வர வேண்டும். நம் ஊர்ப் பெயர்களில் இது பெரிய தலைவலி. இசக்கியம்மாள் என்ற பெயரை ஆங்கிலத்தில் ஒரு தாளில் ‘ஈ’ எழுத்திலும் இன்னொன்றில் ‘ஐ’ எழுத்திலும் தொடங்கியிருப்பார்கள். தலைப்பெழுத்து ஒன்றில் முன்னாலும் மற்றதில் பின்னாலும் இருக்கும். ஆதாரில் அப்பா பெயர் முழுதாக இருக்கும். பட்டம் அச்சாகும் முன்பு என்றால் பத்தாம் வகுப்புச் சான்றிதழின் நகலோடு கல்லூரி அலுவலகத்தில் ஒரு கடிதம் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அச்சான பிறகு திருத்தக் கட்டணமும் கூடும், அலைச்சலும் கூடும். தமிழில் பெயர் எழுதும் கட்டத்தை அலுவலர் நிரப்பட்டும் என்று விட்டுவிடாதீர்கள். ள, ல, ழ பார்த்து நீங்களே எழுதுங்கள்.

டி.சி. வாங்க நூலகம், ஆய்வகம், விடுதி எல்லா இடத்திலும் பாக்கி இல்லை என்று கையெழுத்து வேண்டும். காப்புத் தொகை கட்டியிருந்தால் அன்றைக்கே திரும்பக் கேளுங்கள். மேற்படிப்பில் சேரும்போது மூல டி.சி.யைக் கொடுத்துவிட வேண்டியிருக்கும் என்பதால் முன்னதாக ஸ்கேன் செய்து வையுங்கள்.

டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்கு, அறிவிப்பு வெளியான நாளில் தகுதி முடிந்திருக்க வேண்டும். அதைக் காட்டுவது புரொவிஷனலில் அல்லது தொகுப்புச் சான்றிதழில் உள்ள தேதி. பட்டமளிப்பு விழா வரை காத்திருக்கத் தேவையில்லை. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசு வேலையில் 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு. 2020 திருத்தத்துக்குப் பின் ஒன்றாம் வகுப்பிலிருந்து பட்டம் வரை எல்லாமே தமிழ் வழியாக இருக்க வேண்டும். இதற்கான சான்றிதழை ஒவ்வொரு பள்ளியிலும் கல்லூரியிலும் தனித்தனியே வாங்க வேண்டும். டி.சி. வாங்கப் போகும் நாளிலேயே கல்லூரி முதல்வரிடம் இதையும் வாங்கிவிட்டால் இன்னொரு பயணம் மிச்சம்.

பட்டச் சான்றிதழுக்கான அறிவிப்பு வந்ததும் கல்லூரி வழியாகவோ பல்கலைக்கழக இணையதளத்திலோ விண்ணப்பித்து, கட்டிய ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். விழாவுக்கு நேரில் வராதவருக்கும் பட்டம் உண்டு. கல்லூரிப் பட்டமளிப்பு நாளில் அல்லது பிறகு அலுவலகத்தில் வாங்கலாம். தகுதி பெற வேண்டிய நாளிலிருந்து 180 நாளுக்குள் பட்டம் வழங்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2008-ஆம் ஆண்டு விதி சொல்கிறது. தாமதமானால் இந்த விதியைக் குறிப்பிட்டுத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு எழுதுங்கள். பதில் இல்லையென்றால் 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் அறியும் உரிமை மனு. 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.

வீட்டில் அம்மாவோ பெரியப்பாவோ பழைய பட்டத்தை இப்போது வாங்க நினைத்தால் படித்த ஆண்டைப் பாருங்கள். சுந்தரனார் பல்கலைக்கழகம் தொடங்கியது 1990-இல். அதற்கு முன் பாளையங்கோட்டையில் படித்து முடித்தவர்களின் பதிவேடு மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இருக்கும். அதுவும் 1966-இல் தொடங்கியது என்பதால், அதற்கும் முந்தியவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தைக் கேட்க வேண்டும். பதிவு எண்ணும் தேர்வெழுதிய மாதமும் ஆண்டும் தெரியாமல் எங்கேயும் தேட மாட்டார்கள். பழைய மதிப்பெண் பட்டியல் ஒன்றாவது பெட்டியில் கிடக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.