வயல் வெடிப்பும் நைலானின் உறுதியும்

மன்னார்குடிப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "நூறு கிலோ பிளாஸ்டிக்கில் ஐந்து கிலோ களிமண்கூடச் சேர்ப்பதில்லையாம், அதற்கே அது அவ்வளவு உறுதியாகிவிடுகிறது என்கிறார்களே, எப்படி ஐயா?"

விடை அவருடைய வயலிலேயே இருக்கிறது. கோடையில் கை நுழையும் அளவுக்குப் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் டெல்டாக் களிமண், வாய்க்காலில் தண்ணீர் வந்து சேடை கட்டியதும் உப்பி, வெடிப்புகளைத் தானே மூடிக்கொள்கிறது. மான்ட்மோரிலோனைட் போன்ற களிமண் கனிமங்களே இதற்குக் காரணம். ஒரு நானோமீட்டர் (மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு) தடிமனே உள்ள தகடுகள், ஏட்டுச்சுவடி போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். எதிர்மின்னூட்டம் கொண்ட அத்தகடுகளுக்கு இடையில் சோடியம் போன்ற நேர்மின்னூட்ட அணுக்கள், அதாவது அயனிகள், இருக்கும். அவற்றை நாடி நீர் உள்ளே புகும்போது ஏடுகள் விலகுகின்றன, மண் உப்புகிறது.

நீர் புகும் அந்த இடுக்கில் நைலானைப் புகுத்த முடியுமா என்பதுதான் 1980களில் ஜப்பானில் டொயோட்டாவின் ஆய்வகத்தினர் எடுத்துக்கொண்ட கேள்வி. நீரை விரும்பும் களிமண் நைலான் போன்ற கரிமப் பொருள்களோடு எளிதில் ஒட்டாது என்பதால், சோடியத்தை வெளியேற்றிவிட்டு, நீண்ட கார்பன் வால் கொண்ட அமோனிய அயனியை அங்கே குடிவைத்தார்கள். ஒரு முனையால் தகட்டைப் பற்றிக்கொள்ளும் அந்த அயனி, வாலால் கரிமப் பொருளுக்கு இடம் கொடுக்கிறது. நைலானின் மூலப்பொருளான கேப்ரோலாக்டம் உருகி உள்ளே நுழைந்து, அங்கேயே சங்கிலியாகக் கோத்துக்கொண்டு வளர, வளரும் சங்கிலிகள் ஏடுகளைத் தள்ளித் தள்ளித் தனித்தனியாகப் பிரித்துவிடுகின்றன. நானோ அறிவியலில் இதைவிட அழகான காட்சியை நான் அறியேன்.

பிரிவதால் என்ன பயன்? ஒரு சென்டிமீட்டர் கனசதுரத்தின் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர்தான். அதையே ஒரு நானோமீட்டர் கனசதுரங்களாக நறுக்கினால் மொத்தப் பரப்பு 6,000 சதுர மீட்டர், அதாவது நம் கணக்கில் ஏறத்தாழ நாலரை மா நிலம், ஆகிவிடும். அவ்வளவு பரப்பை ஒட்டி நிற்கும் நைலான் சங்கிலிகள் விருப்பம்போல் நெளிய முடியாமல் இறுகுவதால், பொருள் முழுவதும் விறைப்பாகிறது. சுமையின் கீழ் ஏறத்தாழ 65 டிகிரி செல்சியஸிலேயே வளையத் தொடங்கும் நைலான், 5 விழுக்காட்டுக்கும் குறைவான களிமண்ணைச் சேர்த்ததும் 150 டிகிரியை நெருங்கும்வரை தாங்கியது. கார் எஞ்சினின் டைமிங் பெல்ட் மூடியாகவும் பயன்பட்டது. நேராக ஊடுருவ வழியில்லாத வாயு மூலக்கூறுகள், வரப்பு வரப்பாகச் சுற்றி நடப்பவரைப் போல ஒவ்வொரு தகட்டையும் சுற்றியே போக வேண்டியிருப்பதால், வாயுக் கசிவும் குறைகிறது.

ஆனால் ஏடுகள் பிரியாமல் கட்டியாகவே நின்றால் இவற்றில் பெரும்பகுதி கைகூடாது. சரியாக மசியாத சேற்றின் மண்கட்டி போல அந்தக் கட்டியே விரிசல் தொடங்கும் இடமாகிவிடும். நன்றாகப் பிரிந்தாலும், விறைப்புக் கூடும் அளவுக்கு இழுபடும் தன்மை பெரும்பாலும் குறையும். ஆகவே "நானோ" என்ற முத்திரையை மந்திரச் சொல்லாக நம்பிப் பொருள் வாங்குவது சரியல்ல என்றே நான் கருதுகிறேன். புதிய துகள்களைக் கண்டுபிடிக்க ஒதுக்கும் ஆய்வுப் பணத்தில் ஒரு பங்கை, துகள்களைச் சீராகப் பரப்பும் கலவை இயந்திரங்களுக்காக நம் டெல்டாக் கல்லூரிகளுக்கும் கொடுக்க வேண்டும். பரிசோதிக்க வேண்டிய களிமண் இங்கே கல்லூரி வாசலிலேயே கிடக்கிறது.