ஆபீஸ் பிரிண்டருக்கும் 180 நாள் லாக்: செர்ட்-இன் ஆணை என்ன கேட்கிறது?

சர்வர் லாக் (யார், எப்போது, என்ன செய்தார்கள் என்று கருவி தானாக எழுதிவைக்கும் பதிவு) இருக்கிறதா என்று கேட்டால் எந்த ஆபீஸிலும் "இருக்கு" என்பார்கள். ஃபயர்வால் லாக்கும் இருக்கும். மூலையில் நிற்கும் பெரிய பிரிண்டரின் லாக்கைக் கேட்டால்தான் "அதுக்கெல்லாமா?" என்று திருப்பிக் கேட்பார்கள். ஆமாம், அதற்கும்தான்.

மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் கீழ் இயங்கும் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 70பி(6) பிரிவின்படி 2022 ஏப்ரல் 28 அன்று ஓர் ஆணை பிறப்பித்தது. கம்பெனிகள், அரசு அலுவலகங்கள், டேட்டா சென்டர்கள், இணையச் சேவை தருபவர்கள் எல்லோருக்கும் அது பொருந்தும். சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களுக்குக் கொடுத்த கூடுதல் அவகாசமும் 2022 செப்டம்பர் 25-உடன் முடிந்துவிட்டது. வீட்டில் சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் பிரிண்டருக்கு இது பொருந்தாது.

நிறுவனம் தன்னுடைய "எல்லா" தகவல் தொழில்நுட்ப அமைப்புகளிலும் லாக்கை ஆன் செய்து, 180 நாட்களுக்குப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்கிறது ஆணை. இது நகர்ந்துகொண்டே இருக்கும் 180 நாள். எந்தத் தேதியில் கேட்டாலும் அதற்கு முந்தைய ஆறு மாதப் பதிவு கையில் இருக்க வேண்டும். பிரிண்டருக்கு இதில் விலக்கு எதுவும் கிடையாது. ஐபி முகவரி, மெமரி, பல மாடல்களில் ஹார்ட் டிஸ்க், மெயில் அனுப்பும் வசதி எல்லாம் இருக்கும் ஒரு பெட்டியைத் தகவல் தொழில்நுட்ப அமைப்பு இல்லை என்று எப்படிச் சொல்வது? செர்ட்-இன் பின்னர் வெளியிட்ட கேள்வி-பதிலில் உதாரணமாகச் சொன்ன லாக் வகைகள் முழுப் பட்டியல் அல்ல என்று அதிலேயே இருக்கிறது. வெற்றிகரமாக நடந்தவற்றோடு, தோல்வியடைந்த முயற்சிகளும் பதிவாக வேண்டும் என்றும் அது சொல்கிறது. பிரிண்டரில் இதற்குப் பொருள், அட்மின் பாஸ்வேர்டைத் தவறாகப் போட்டுப் பார்த்தவையும் லாக்கில் வர வேண்டும் என்பதுதான்.

பிரிண்டரை நாம் எவ்வளவு லேசாக எடுத்துக்கொள்கிறோம் என்பதற்கு பங்களாதேஷின் மத்திய வங்கியில் 2016 பிப்ரவரியில் நடந்ததைப் பார்த்தால் போதும். ஸ்விஃப்ட் (வங்கிகள் நாடு விட்டு நாடு பணம் அனுப்பச் சொல்லும் செய்தி வலையமைப்பு) பரிவர்த்தனைகளைத் தானாக அச்சடித்துத் தள்ளும் பிரிண்டர் ஒரு வெள்ளிக்கிழமை நின்று கிடந்தது. வழக்கமான கோளாறுதான் என்று ஊழியர்கள் நினைத்தார்கள். அதை நிறுத்தி வைத்ததே திருடர்களின் மால்வேர். வங்கி இழந்தது 8.1 கோடி டாலர்.

சரி, லாக்கை எங்கிருந்து எடுப்பது? இங்கேதான் பல பேர் சறுக்குகிறார்கள். அச்சு வேலைகளை வாங்கிப் பிரிண்டருக்கு அனுப்பும் பிரிண்ட் சர்வரில் எல்லாம் பதிவாகிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஆனால் விண்டோஸ் சர்வரில் பிரிண்ட் சர்வீஸின் 'ஆப்பரேஷனல்' லாக் முதலில் ஆஃப் நிலையில்தான் இருக்கும். நாமாக ஆன் செய்தால்தான் ஒவ்வொரு அச்சும் 307 என்ற நிகழ்வு எண்ணில் பதிவாகும். ஆன் செய்தாலும், ஒரு லேப்டாப் நேரடியாகப் பிரிண்டரின் 9100 போர்ட்டுக்கு (நெட்வொர்க்கில் அச்சு வேலையை வாங்கும் வாசல்) அனுப்பும் அச்சு சர்வர் பக்கமே வராது. கண்ணாடியில் வைத்து எடுக்கும் நகலும் அப்படித்தான். ஸ்கேன் செய்து நேராக வெளி மெயிலுக்கு அனுப்புவதும் அப்படித்தான். என் கணக்கில் இந்த மூன்றில் ஸ்கேன்தான் ஆபத்து அதிகம், ஏனென்றால் ஆவணம் ஆபீஸை விட்டு வெளியே போகும் வழி அது. அதனால் லாக்கைப் பிரிண்டரிடமிருந்தே வாங்க வேண்டும். பிரிண்டரின் உள் நினைவகம் சிறியது, நிரம்பினால் பழையதை அழித்துக்கொண்டு எழுதும். பரபரப்பான ஆபீஸில் அது ஆறு மாதம் தாங்காது. செட்டிங்ஸில் 'சிஸ்லாக்' என்ற இடத்தில் ஒரு லாக் சர்வரின் முகவரியைக் கொடுத்துவிட்டால், நடப்பதை அப்போதைக்கப்போதே அங்கே அனுப்பிவிடும். அந்த வசதி இல்லாத பழைய மாடல் என்றால், லாக் நிரம்புவதற்குள் ஒருவர் டவுன்லோடு செய்து வைக்க வேண்டும். வேறு வழியில்லை.

ஒரு முறை ஒரு ஆபீஸில், யார் எதை ஸ்கேன் செய்தார்கள் என்று பார்க்கப் பிரிண்டர் திரையைத் தட்டினேன். பதிவு ஒழுங்காகத்தான் இருந்தது: ஸ்கேன், மெயில், 38 பக்கம். தேதி மட்டும் 1970 ஜனவரி 1. மின்சாரம் போய் வந்ததில் கடிகாரம் ஆரம்பத்துக்கே போயிருந்தது. அந்த வரியை வைத்து எதையும் நிரூபிக்க முடியவில்லை. இதற்கும் ஆணையில் வழி இருக்கிறது. எல்லாக் கருவிகளின் கடிகாரமும் தேசிய தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வரோடோ, அவற்றை ஒட்டி ஓடும் சர்வரோடோ ஒத்திருக்க வேண்டும். பிரிண்டரில் என்டிபி முகவரியை, அதாவது அந்த நேர சர்வரின் முகவரியை, போட இரண்டு நிமிடம் கூட ஆகாது.

லாக்கைச் சேர்த்தால் மட்டும் போதாது, யாராவது அதைப் பார்க்கவும் வேண்டும். தரவுக் கசிவு, அனுமதியில்லாத நுழைவு போன்றவை கண்ணில் பட்ட 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும். இலவச எண் 1800-11-4949. ராத்திரி இரண்டு மணிக்கு ஸ்கேன், தெரியாத மெயில் முகவரிக்கு அனுப்பியது, அட்ரஸ் புக்கை மொத்தமாக ஏற்றுமதி செய்தது, அடுத்தடுத்துத் தோற்ற லாகின், திடீரென்று லாக்கே வராமல் போன பிரிண்டர். வாரம் ஒருமுறை இவற்றைத் தேடினாலே நிறையத் தெரிந்துவிடும். ஆணையை மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஒரு லட்சமாக இருந்த அபராத உச்சவரம்பை 2023-இன் ஜன் விஸ்வாஸ் சட்டம் ஒரு கோடி ரூபாயாக்கியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ராஜினாமா கடிதம், மருத்துவ பில் என்று அச்சடித்த கோப்பின் பெயரே லாக்கில் வந்து நிற்கும். இதை எல்லோரும் பார்க்கும்படி வைப்பது ஊழியருக்குச் செய்யும் அநியாயம். கோப்பின் பெயர் தேவையில்லை என்றால் அதை மறைக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். லாக்கைத் திறக்கும் உரிமையை ஓரிருவருக்கு மட்டும் கொடுங்கள், பதிவு எடுக்கிறோம் என்பதை ஊழியர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், வாடகைப் பிரிண்டரைத் திருப்பிக் கொடுக்கும் நாள். வண்டி வருவதற்கு முன் உள்ளே இருக்கும் லாக்கை வெளியே எடுத்து வையுங்கள், பிறகு ஹார்ட் டிஸ்க்கில் இருப்பதை அழித்துவிடுங்கள். இயந்திரம் போன பிறகும் அந்த லாக்குக்கு 180 நாள் கணக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கும்.