கல்லூரி அரங்கில் மது: யாருக்காக அந்த அனுமதி?

கல்லூரி, பல்கலைக்கழக அரங்குகளில் நடக்கும் நிகழ்ச்சிகளுக்கு மது விற்க அனுமதித்தால் வருமானம் கூடுமே என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. வடசென்னையில் அவசர சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் மருத்துவராக, இதை நான் உறுதியாக எதிர்க்கிறேன்.

தமிழ்நாட்டில் மது வாங்கச் சட்டம் வைத்திருக்கும் குறைந்தபட்ச வயது 21. வியாசர்பாடியிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் 17, 18 வயதில் கல்லூரிக்கு வரும் பிள்ளைகள், பட்டப்படிப்பின் பெரும்பகுதியை அந்த வயதை எட்டும் முன்பே முடித்துவிடுகிறார்கள். அப்படியானால், அரங்கில் கூடும் மாணவர்களில் யாருக்கு விற்கப் போகிறோம்?

அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள் விளையாட்டரங்குகளில் மது விற்கின்றன. அங்கும் வயது வரம்பு 21தான். ஆனால், அந்த அரங்குகளை நிரப்புவோரில் முன்னாள் மாணவர்களும் ஊர்மக்களும் ஏராளம். நம் கல்லூரி ஆண்டுவிழாவின் கூட்டம் அப்படிப்பட்டதன்று. 2023 ஏப்ரலில், திருமண மண்டபங்களிலும் சிறப்பு உரிமத்துடன் மது பரிமாறலாம் என்று இங்கே வந்த அறிவிப்பு, கடும் எதிர்ப்புக்குப் பின் திருத்தப்பட்டு, மண்டபங்கள் நீக்கப்பட்டன. குடும்பங்கள் கூடும் இடத்துக்கே ஆகாது என்று விலக்கியதைப் படிக்கும் இடத்துக்குக் கொண்டுவர என்ன நியாயம் இருக்கிறது?

கலைவிழா நாட்களில் எங்களிடம் கொண்டுவரப்படும் மாணவர்கள் பலர் காலையிலிருந்து சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். ஒரு குவார்ட்டரில், அதாவது 180 மில்லி பிராந்தியில், ஏறத்தாழ 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. கல்லீரல் மணிக்குச் சுமார் 7 முதல் 10 கிராம்தான் கரைக்கும். வெறும் வயிற்றில் அது வேகமாக ரத்தத்தில் ஏறுவதோடு, சர்க்கரை அளவையும் இறக்கிவிடக்கூடும். குடிப்பதை நிறுத்திய பிறகும், வயிற்றில் மிஞ்சியது ஏறிக்கொண்டே இருக்கும். நண்பர்களோ, பதற்றத்தில் மோரையும் எலுமிச்சைச் சாற்றையும் வாயில் ஊற்றி, "தூங்கினால் சரியாகிவிடும்" என்று மல்லாக்கப் படுக்க வைத்துவிடுகிறார்கள். உண்மையில் ஆபத்து அங்கேதான்: நினைவு மங்கியவருக்கு விழுங்கும் திறனும் இருமும் திறனும் குறைவதால், வாந்தி மூச்சுக்குழலுக்குள் போய் உயிரையே பறிக்கலாம்.

அப்படி ஒருவரைக் கண்டால், வாயில் எதையும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எழுப்பியும் எழாவிட்டாலோ, மூச்சு மெதுவானாலோ உடனே 108-ஐ அழையுங்கள். போலீசுக்குப் பயந்து காலம் கடத்த வேண்டாம். கல்லூரி நிர்வாகங்கள், அரங்கை வெளியாருக்கு வாடகைக்கு விடும் ஒப்பந்தத்திலேயே மதுவுக்கு இடமில்லை என்று எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். விழா நாளில் வாசலில் காவலரோடு ஓர் ஆசிரியரும் நிற்க வேண்டும்.