கிரியேட்டினின் சொல்வதற்கு முன்பே

பிறவி இதயக் குறையோடு பிறந்த குழந்தைக்கு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். பெற்றோருக்கு ‘அப்பாடா’ என்றிருக்கும். மருத்துவர்களின் கவலை அப்போதுதான் கூடுகிறது. அறுவை முடிந்த 6 மணியிலிருந்து 18 மணி நேரத்துக்குள், சரிசெய்யப்பட்ட இதயம் கொஞ்சம் தளர்ந்துபோவது பல குழந்தைகளுக்கு நடக்கும். அந்த நேரத்தில் மானிட்டரில் ரத்த அழுத்தம் ஒழுங்காகவே தெரியலாம். குழந்தையின் உடல் ரத்தக் குழாய்களைச் சுருக்கி, அழுத்தத்தை முடிந்தவரை தாங்கிப் பிடித்துக்கொள்ளும். உள்ளே நடப்பதை அறிய ரத்தத்தைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் பார்ப்பது லாக்டேட். ஆக்சிஜன் போதாத திசு குளுக்கோஸை முழுதாக எரிக்க முடியாமல் பாதியில் நிறுத்திவிடுகிறது, மிஞ்சுவது லாக்டேட். வழக்கமாக இது லிட்டருக்கு 2 மில்லிமோலுக்குள் இருக்கும். அறுவையின்போது இதயத்துக்கும் நுரையீரலுக்கும் பதிலாக வேலைசெய்யும் இதய-நுரையீரல் இயந்திரத்திலிருந்து இறங்கிவரும் குழந்தைக்கு அதைவிடக் கூடுதலாக இருப்பது சாதாரணம். அதனால் ஓர் எண்ணை மட்டும் பார்த்துப் பதறுவதில் பொருளில்லை; அது எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் முக்கியம். சிக்கலான அறுவைக்கு உள்ளான பச்சிளங்குழந்தைகளை மிச்சிகனில் கவனித்து 2000இல் வெளியான ஆய்வு, மணிக்கு 0.75 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் லாக்டேட் ஏறிக்கொண்டே போவது ஆபத்தின் அறிகுறி என்று காட்டியது. இதயத்தைத் தூண்டும் அட்ரினலின் மருந்து ஓடும்போது, இதயம் நன்றாக இயங்கினாலும் லாக்டேட் ஏறும். அதையும் கணக்கில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

கிருமித்தொற்றைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் சிஆர்பி என்ற புரதம் அறுவைக்குப் பின் எல்லோருக்கும் ஏறிவிடுவதால் அதிகம் உதவுவதில்லை. ரத்தத்தில் அளக்கப்படும் இன்னொரு பொருளான புரோகால்சிட்டோனின் பரவாயில்லை: ஒருநாள் வாக்கில் உச்சத்தைத் தொட்டு இறங்கும். இறங்கியது மறுபடி ஏறினால் தொற்றைத் தேட வேண்டும்.

என் பார்வையில் எல்லாவற்றையும்விடச் சுவாரசியமானது சிறுநீரகத்தின் கதை. இயந்திரத்தில் இருக்கும்போது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டம் மாறுகிறது. சிவப்பணுக்கள் உடைந்து ஹீமோகுளோபின் வெளியே வருகிறது. இரண்டும் சிறுநீரக நுண்குழாய்களைக் காயப்படுத்தும். ஆனால் அதைக் கண்டுபிடிக்க நாம் நம்பியிருக்கும் கிரியேட்டினின் என்ற தசைக் கழிவு, காயத்தை அளப்பதில்லை. வெளியேற்றப்படாத கழிவை அளக்கிறது. குப்பை வண்டி நின்ற அன்றே தெரு நிறைந்துவிடாது, இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் தெரியும். குழந்தைகளுக்குத் தசை குறைவு, கிரியேட்டினின் உற்பத்தியும் குறைவு. போதாக்குறைக்கு, இயந்திரத்தை நிரப்பும் திரவம் அதை மேலும் நீர்க்கச் செய்கிறது.

2005இல் வெளியான ஆய்வொன்றில், அமெரிக்காவின் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையில் பிரசாத் தேவராஜன் குழுவினர் என்ஜிஏஎல் என்ற புரதத்தைத் தேடினார்கள். நுண்குழாய்ச் செல்கள் காயம்பட்டவுடனே இதைப் பெருமளவில் தயாரிக்கின்றன. இதய அறுவை செய்துகொண்ட 71 குழந்தைகளில் 20 பேருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. கிரியேட்டினின் அதைச் சொல்ல ஒன்றிலிருந்து மூன்று நாள் ஆனது. என்ஜிஏஎல் 2 மணி நேரத்திலேயே ஏறிவிட்டது: ரத்தத்தில் லிட்டருக்கு 3.2 மைக்ரோகிராமிலிருந்து 61ஆக, சிறுநீரில் 1.6லிருந்து 147ஆக.

அப்புறம் பல மருத்துவமனைகள் சேர்ந்து 311 குழந்தைகளைப் பார்த்து, 2011இல் முடிவுகளை வெளியிட்டன. இந்தமுறை கணிப்பின் துல்லியம் வெகுவாகக் குறைந்தது. சிறுநீரில் அளந்தது ஓரளவு தாக்குப்பிடித்தது, ரத்தத்தில் அளந்தது பிடிக்கவில்லை. இதில் எனக்கு வியப்பில்லை. என்ஜிஏஎல்லை வெள்ளையணுக்களும் வெளியிடும்; இயந்திரக் குழாய்களில் உரசி ஓடும் ரத்தத்தில் அந்த அணுக்கள் கொந்தளித்துத்தான் இருக்கும். ரத்தத்தில் கூடியது சிறுநீரகத்திலிருந்து வந்ததா, அவற்றிலிருந்து வந்ததா என்று பிரிப்பது கடினம்.

என்றாலும் சில மணி நேரம் முன்பே தெரிவதன் பயன் பெரிது. ஜென்டாமைசின் என்ற கிருமிக்கொல்லி போன்ற, சிறுநீரகத்துக்குத் தீங்கு செய்யக்கூடிய மருந்துகளைத் தவிர்க்கலாம். திரவத்தை அளந்து கொடுக்கலாம். வயிற்று டயாலிசிஸுக்கு, உடல் வீங்கும்வரை காத்திராமல், தயாராகலாம்.

2023 டிசம்பரில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, சிறுநீரில் என்ஜிஏஎல் அளக்கும் சோதனையொன்றைத் தீவிர சிகிச்சையில் உள்ள குழந்தைகளுக்கு அனுமதித்தது. வயது வரம்பு 3 மாதம் முதல் 21 ஆண்டு வரை. மிகக் கடினமான இதய அறுவைகள் பல, பிறந்த சில வாரங்களிலேயே செய்யப்படுபவை. அந்தச் சிசுக்கள் இந்த வரம்புக்கு வெளியே நிற்கிறார்கள். முதல் சில நாட்களில் அவர்களுடைய கிரியேட்டினின்கூடப் பெரும்பாலும் தாயுடையதுதான். அதனால் அவர்களுக்கு மணிக்கொருமுறை சிறுநீரை அளந்து, லாக்டேட் போகும் திசையோடு சேர்த்துப் படிப்பதைத்தான் மருத்துவர்கள் இன்னும் நம்பியிருக்க வேண்டியிருக்கிறது.